கூதலுக்கும் விறைப்புக்கும் அப்பால்

திருகோணமலைத் துறைமுகத்து ஐஸ் அறையில் குறிஞ்சாக்கேணி மீராசாகிபுவை வென்ற ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் அதிகம் மிதிக்காதவர்தான், ஆனால் குளிரைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும்.

உள்ளே மீன் அடுக்குபவரிடம் கதவுக்காரன் அடிக்கடி குரல் கொடுத்துக் கேட்பது அங்கே வழக்கம். "கூதல்" என்றால் வேலை நடக்கலாம். "குளிருது" என்றால் கெதியாக முடிக்க வேண்டும். "விறைக்குது" என்றால் ஆளை வெளியே இழுக்க வேண்டும். அந்தக் கடைசிச் சொல்லை மீராசாகிபு வாயில் எடுத்ததே இல்லை. அதுதான் அவருடைய பெருமை.

ஒருநாள் பாரை மீன் வந்து குவிந்தது. நெடுநேரமாகியும் அவர் வெளியே வரவில்லை.

"என்ன மாதிரி, மீராசாகிபு நானா?" என்று கதவில் நின்ற ஆனந்தராசா கேட்டான்.

"கூதல்தான் தம்பி."

மறுபடி கேட்டபோது குரல் குழறியது. "இப்ப நல்ல வெதுவெதுப்பா இருக்கு. சட்டையைக் கழட்டப்போறன்."

ஆனந்தராசா பாய்ந்துபோய் அவரை இழுத்துவந்து வெயிலில் கிடத்தினான். அவர் மல்லித்தண்ணி குடித்து நடுக்கம் அடங்கியதும் ஆனந்தராசா ஏசினான்.

"விறைக்குதெண்டு சொல்ல ஏலாதோ? விறைச்சுச் சாகப்போற ஆளுக்குத்தான் ஐஸுக்குள்ள சூடு தெரியும்!"

"நான் ஏன் சொல்லோணும்? விறைப்புக்கு அங்கால என்ன இருக்கெண்டு பாத்திட்டெல்லோ வந்தனான்!"

அன்றிலிருந்து ஐஸ் அறையில் "வெதுவெதுப்பு" நாலாவது சொல்லானது. அதைக் கேட்டால் எல்லாரும் கதவுக்கு ஓடுவார்கள். அதைக் கொண்டுவந்தது யார் என்பதை மீராசாகிபு ஒருவரையும் மறக்க விட்டதில்லை.