பெண் பார்க்க வந்தவர்களுக்கு டோஸ்ட்

என் வீட்டுக்காரருக்கு ஒன்று பிடித்துப்போனால் போதும், அதுதான் எங்களைப் பிடித்த சனியன். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் அன்னவாசல் பிளாக் ஆபீசில் குமாஸ்தா. மாற்றலாகிப் போன ஒரு அதிகாரிக்குப் புதுக்கோட்டையில் டீ பார்ட்டி வைத்தார்கள். அங்கே ரொட்டியை நெய்யில் முறுகலாக வாட்டி, மேலே காரமாக ஏதோ தடவிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே டோஸ்ட் புராணம்.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாகத் திருமயத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். மாமனார் மாமியார் இல்லாத வீடு; எல்லாம் நாங்கள்தான் செய்ய வேண்டும். பெண் ஒல்லி என்று முன்பே வந்த இடங்கள் தட்டிப் போயிருந்தன. இந்த மாப்பிள்ளை வாத்தியார். நாத்தனார் அவரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்து சொல்லவில்லையே தவிர, அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

"கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் போட்டுர்றேங்க" என்றேன்.

"பட்டிக்காடு மாதிரி பேசாதடி. மாப்ள படிச்சவரு. டீ பார்ட்டி கணக்கா இருக்கணும்" என்றார்.

புதுக்கோட்டையில் இவர் வாங்கி, பஸ்ஸில் நசுங்கி வந்த ரொட்டியை அரிவாள்மணையில் வைத்தால் அது அறுபடவா செய்கிறது? அப்படியே அமுங்கி உட்கார்ந்துகொண்டது. ஒருவழியாக வில்லை போட்டேன். ஓரத்தையெல்லாம் வெட்டி எறியச் சொன்னார். தின்கிறதே அந்த ஓரந்தானேங்க என்றால், பார்ட்டியில் ஓரம் வைக்கமாட்டார்களாம். தோசைக்கல்லில் போட்டால், விடுகிற நெய்யையெல்லாம் குடித்துவிட்டு இன்னும் ஊற்று என்றது. அவித்து மசித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் வதக்கி மேலே அப்பினேன். இவர் பக்கத்திலேயே நின்று, "காரம் பத்தாது, இன்னும் ரெண்டு கிள்ளிப் போடு" என்று உயிரை வாங்கினார். ருசி பார்க்கிறேன் என்று தட்டில் பாதியைக் காலி செய்தார். கடவுளே, வருகிறவர்களுக்கு மிஞ்சுமா என்று இருந்தது.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். நாத்தனார் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வில்லையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ரொட்டியா? வீட்ல யாருக்கு மேலுக்கு முடியல?"

எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கம் ரொட்டியை யார் தின்றார்கள்? காய்ச்சலில் படுத்தவர்களுக்குப் பாலில் நனைத்துக் கொடுப்போம். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனால் வாங்கிப் போவோம். அதை விட்டால் ரொட்டிக்கு வீட்டுக்குள் என்ன வேலை?

யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லவேண்டிய இவர், "அய்யய்ய, இது ரொட்டி இல்லைங்க, டோஸ்ட்டு! பெரிய ஆபீசருங்க பார்ட்டியில இதான்" என்று ஆரம்பித்துவிட்டார்.

"அப்படியா? நீயும் ஒண்ணு எடுத்துக்க தாயி" என்று அந்தம்மா நாத்தனாரிடம் சொன்னார். அவள் கூச்சத்தோடு ஒரு கடி கடித்தாள். மிளகாய் நேராகப் புரைக்கேறிவிட்டது. இருமுகிறாள், இருமுகிறாள், நிற்கவே இல்லை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். நான் செம்போடு ஓடினேன். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காசநோய் என்றால் ஊரே நடுங்கிய காலம் அது.

"மொளகாங்க, மொளகா புரையேறிருச்சு" என்றேன். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்க தம்பி. இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று இவரிடம் கேட்டார்.

இந்த மனுஷன் காரத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "அது அப்படித்தாங்க இருக்கும். இருந்தாத்தான் நல்லது" என்று சிரித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

காப்பியை அரையும் குறையுமாகக் குடித்துவிட்டு, "போயிச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் இவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், தட்டில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாத்தானே வந்திருக்கு? ஏன் ஒருத்தரும் திங்கல?" என்று கேட்டார்.

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் கழுவிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாத்தனார் திரும்பினாள்.

"ரொட்டிக்காக அம்புட்டுப் பேசுனீங்களேண்ணே. எந்தங்கச்சி நல்லா இருக்கான்னு எனக்காக ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"