மைனஸ் மூன்றுக்கான ஜெபம்

என் குறையை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு இன்னும் அசிங்கம். முப்பது வருடமாக மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். சனிக்கிழமைகளில் தி.நகர் கல்யாண மண்டபங்களில் வரவேற்புக் கச்சேரி. வாரநாட்களில் அடையாறில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இத்தனை இருந்தும் எனக்கு உருப்படியாக வாசிக்கத் தெரிந்த ஸ்கேல் ஒன்றே ஒன்றுதான், சி. கறுப்புக் கட்டைகளைப் பெரும்பாலும் தூசி தட்டுவதற்குத்தான் தொடுவேன்.

மற்றதை டிரான்ஸ்போஸ் பொத்தான் பார்த்துக்கொள்கிறது. பிளஸ் இரண்டு என்று வைத்தால், நான் வாசிப்பது அதே சி, கேட்பவர்கள் காதில் விழுவது இரண்டு படி மேலே. மைனஸ் மூன்று என்றால் மூன்று படி கீழே. எந்தப் பாட்டுக்கு எந்த எண் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டாண்டில் செருகிக்கொள்வேன். அந்தத் துண்டு இருக்கும் வரை நான் இசைக்கலைஞன். அது தொலைந்தால் மேஜைக்குப் பின்னால் நிற்கும் ஒரு தொப்பைக்காரன்.

சர்ச் கீபோர்டுக்காரனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. போதகர் ஜெபிக்கும்போது பின்னால் மெல்லிசாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். வயலின் கூட்டம் மாதிரி ஒரு சத்தம், அதில் கட்டைகளைக் கொத்தாக அழுத்தும் மூன்றே கார்டு, மாற்றி மாற்றி. போதகர் இடது கையைத் தூக்கினால் ஆரம்பிக்க வேண்டும், உள்ளங்கையைக் கீழே காட்டினால் அடக்க வேண்டும், விரல்களை மடக்கினால் நிறுத்த வேண்டும். சபையில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். யார் ஜெபத்தில் தூங்குகிறார்கள், யார் பெஞ்சுக்கு அடியில் காலால் செருப்பைத் துழாவுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆமென் வரப்போவது நாலு வரிக்கு முன்பே தெரிந்துவிடும். ஆண்டவரிடம் என்ன கேட்டார்கள் என்பதுதான் தெரியாது.

பதினேழு வயதில் அந்தக் கட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றவன், அதற்கப்புறம் சர்ச்சில் ஒருமுறைகூட கண்ணை மூடி ஜெபித்ததில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததும் இல்லை. என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரியும் வரைக்கும்.

குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது என்றாள். அடையாறில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். புதன்கிழமை ஊசியை விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு செவ்வாய்க்கிழமை என்றார்கள். வெளியே வந்து பைக்கில் ஏறியதும் அவள் போட்ட முதல் சட்டம் இது.

"சர்ச்சுல ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

"ஜெபிப்பாங்கடி."

"ஜெபிப்பாங்க. அப்புறம் வீட்டுக்கு வருவாங்க. கொயர்ல நம்ம அக்கா ஒருத்தங்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன்னு மைக்ல சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? ஆளாளுக்கு ஒரு பை சாத்துக்குடி. சாத்துக்குடிய வெக்கிறதுக்கு இடமில்லாம அவங்க கட்டில்லேருந்து எழுந்து பெஞ்சுல படுத்தாங்க. எனக்கு அந்த சாத்துக்குடி வேணாம்."

"பயமா இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் பயமில்ல. வண்டிய எடுங்க."

வண்டியை எடுத்தேன். சிக்னலில் நின்றபோது இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்தது. இந்த வேகத்துக்கு எந்தப் பாட்டு சரிவரும் என்று மண்டை தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பின்னால் கட்டியவள் உட்கார்ந்திருக்கிறாள், கட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள், இவன் டெம்போ பார்க்கிறான். என்னை நானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டேன். அதுவும் தாளத்தில்தான் வந்தது.

வீட்டில் ஜெபித்துப் பார்த்தேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். "ஆண்டவரே" என்றேன். விரல்கள் மேஜை விளிம்பில் ஏறி முதல் கார்டைப் பிடித்தன. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு மறுபடி "ஆண்டவரே" என்றேன். இப்போது கால் ஆரம்பித்தது. எனக்கு ஜெபம் என்பது வேறு யாரோ ஒருவரின் குரல், நான் அதற்குக் கீழே போடும் பாய். பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தேன். படுக்க யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். எங்கள் சர்ச்சில் ரிதம் பேட் வாசிக்கிறவன் அங்கே மீன் கடை போட்டிருக்கிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். வஞ்சிரம் வெட்டிக்கொண்டே என் காலைப் பார்த்தான்.

"இன்னா மச்சி, நானும் பாத்துக்கினே கீறேன், காலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. எறும்பு ஏறிச்சா?"

"ஒண்ணுமில்ல."

"மூஞ்சப் பாத்தா ஒண்ணும் இல்லாத மாதிரி இல்லியே. அண்ணி துரத்திட்டாங்களா?"

சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. "அரைக் கிலோ போடு" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அவள் ஏற்கெனவே சாம்பார் வைத்து முடித்திருந்தாள். "இப்ப யாரு மீன் கேட்டா?" என்றாள். யாரும் கேட்கவில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் இறக்கித் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள், வீடு மாற்றுகிறவள் போல.

எங்கள் சர்ச் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபம் வேண்டுமென்றால் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டியதில்லை. முதல் பாட்டு தொடங்கும் முன் அதை உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். பிறகு போதகர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து மைக்கில் வாசித்து ஜெபிப்பார். முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டார். வந்தது வந்தபடி ஆண்டவரிடம் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. விசா, வாடகை வீடு, மகளின் பிளஸ் டூ, மருமகனின் குடி எல்லாவற்றுக்கும் கீழே நான் வாசித்திருக்கிறேன்.

பெயர் போடாமல் எழுதினால் அவள் சட்டத்தை மீறியதாகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சனிக்கிழமை தி.நகர் மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வரும் வரை சும்மா உட்கார்ந்திருந்தபோது, நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கான எண்களை எழுதினேன். இன்னொரு தாளைக் கிழித்து மற்றதை எழுதினேன். இரண்டையும் ஒரே மாதிரி நாலாக மடித்து ஒரே சட்டைப் பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்னால் சர்ச்சுக்குப் போய், யாரும் பார்க்காதபோது பெட்டியில் சீட்டைப் போட்டேன். ஆராதனை தொடங்கி, போதகர் முதல் பாட்டை அறிவித்தார். ஸ்டாண்டில் செருகியிருந்த காகிதத்தைப் பிரித்தேன்.

"ஒரு சகோதரிக்கு மார்பில் கட்டி. செவ்வாய்க்கிழமை முடிவு வருகிறது. அவள் பயமில்லை என்கிறாள். அவள் கணவனுக்கு ஜெபிக்கத் தெரியாது."

வாசலைப் பார்த்தேன். பெட்டி அங்கே இல்லை. சபை எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்த எண்ணும் நினைவுக்கு வரவில்லை. கை தானாக முதல் கார்டை அழுத்திவிட்டது.

என் கீபோர்டு ரொம்ப ஞாபகசக்தி உள்ளது. அணைத்துப் போட்டாலும் கடைசியாக வைத்த எண்ணை மறக்காது. கடைசியாக வைத்தது முந்தின நாள் மண்டபத்தில், ஒரு கீச்சுக்குரல் பாடகிக்காக, பிளஸ் நாலு. மைனஸ் மூன்றில் பாட வேண்டிய பாட்டு ஏழு படி மேலே கிளம்பியது. நடுவில் நிறுத்தி மாற்றலாம், ஆனால் அதற்குள் சபை விசுவாசத்தோடு வாயைத் திறந்துவிட்டது. பெண்கள் பக்கம் விசில் மாதிரி ஒரு சத்தம். ஆண்கள் பக்கம் இரண்டாம் வரியிலேயே பாதிப் பேர் மௌனவிரதம். மீதிப் பேர் நுனிக்காலில் நின்றார்கள், அப்படி எம்பினால் சுருதி எட்டும் என்பதுபோல.

பக்கத்திலிருந்து மீன்கடைக்காரன் கிசுகிசுத்தான். "மச்சி, இன்னா ஸ்கேலு இது? மேல பறவைங்கதான் பாடும்."

பாட்டு முடிந்ததும் கொயர் வரிசையிலிருந்து என் மனைவி இறங்கி வந்தாள். அவள் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவள். முகம் சிவந்திருந்தது. "லிஸ்ட்ட காட்டுங்க" என்று ஸ்டாண்டிலிருந்த காகிதத்தை எடுத்தாள். நான் அதன் மேல் கையை வைத்து மறைப்பதற்குள் படித்து முடித்துவிட்டாள்.

போதகர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அவள் அசையவில்லை. ரொம்ப மெல்லிய குரலில் கேட்டாள்.

"பயமில்லன்னு யாரு சொன்னது?"

"நீதான்."

"நான் சொன்னா நம்பிடுவீங்களா?"

அதற்குள் போதகரின் இடது கை உயர்ந்தது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். அவர் முதல் சீட்டைப் பிரித்து, அவருடைய கனமான குரலில் படித்தார்.

"நம்மில் ஒருவரின் விண்ணப்பம். மைனஸ் மூன்று, மெதுவாக. பிளஸ் ஒன்று. காணிக்கை..." ஒரு விநாடி நின்றார். "பீட் வேண்டாம். மைனஸ் இரண்டு. சீக்கிரம் முடி."

சபையில் ஒரு இருமல் கேட்டது. போதகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கொள்கை பிடித்த மனிதர். பெட்டிக்குள் வந்துவிட்டது, மைக்கிலும் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ஆண்டவரே, இந்த விண்ணப்பத்தின் அர்த்தம் எங்களுக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்."

"ஆமென்" என்றது சபை. ரிதம் பேடுக்குப் பின்னால் ஒருவன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான்.

என் மனைவி சிரித்துவிட்டாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பால் வந்தது மட்டும் இல்லை. பிறகு அவள் கையை நீட்டி, கட்டைகளின் மேலிருந்த என் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். சத்தம் சட்டென்று நின்றது.

"பாஸ்டர் கை தூக்கியிருக்காரு" என்றேன்.

"தூக்கட்டும். கண்ண மூடுங்க."

மூடினேன். முப்பது வருடத்தில் அந்தச் சர்ச் எப்படிச் சத்தம் போடும் என்று நான் கேட்டதே இல்லை. மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டது. வெளியே பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்று மூச்சு விட்டது. போதகர் யாருடைய விசாவுக்கோ ஜெபித்துக்கொண்டிருந்தார், இந்தத் தடவை எனக்கு வார்த்தைகள் கேட்டன. என் கை அவள் கையில் இருந்ததால் விரல்களுக்குப் போக இடமில்லை. எனக்குள்ளே ஏதாவது பெரிய வசனம் வரும் என்று பார்த்தேன். வந்தது இவ்வளவுதான்: "பயமா இருக்கு. இவளுக்கும் பயமா இருக்காம்."

ஆமென் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்ததும் போதகர் வந்து அந்தச் சீட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "பிரதர், இதுக்கு நான் ஜெபிச்சிட்டேன். வேற சீட்டு ஏதாவது இருந்தா குடுங்க." நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பைபிளைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த மற்ற சீட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். "படிச்சிட்டு வெச்சிக்குங்க பாஸ்டர். மைக் வேணாம்" என்றாள். "சாத்துக்குடியும் வேணாம்."

செவ்வாய்க்கிழமை என்று சொல்லியிருந்த முடிவு, திங்கட்கிழமை மத்தியானமே வந்துவிட்டது. நான் அடையாறில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போனில் அவள், "ஒண்ணும் கெட்டது இல்லையாம். வெறும் கட்டிதானாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணுமாம்" என்றாள். கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள். மாடியிலிருந்து கீழே இறங்கி, பைக்கில் ஏறாமல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். காவலாளி வண்டி பஞ்சரா என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் ஸ்டாண்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, முதல் பெஞ்சில் எப்போதும் உட்காரும் அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் பெட்டிச் சீட்டுகளை எல்லாம் வாரா வாரம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் ஜெபிக்கிறாராம். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

"தம்பி, உங்ககிட்ட ஒரு சந்தேகம். போன வாரம் ஒரு சீட்டு வந்துச்சே, மைனஸ் மூணு, பிளஸ் ஒண்ணு. அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? பாஸ்டர் உங்களப் பாத்தாரு."

"எதுக்குக்கா கேக்கறீங்க?"

"சாயங்காலம் சாயங்காலம் ஜெபிச்சேன். ஒண்ணும் புரியலதான். ஆனா பெட்டியில போட்டிருக்காங்கன்னா ஏதோ கஷ்டம் இருக்கும்ல? காணிக்கை பீட் வேண்டாம்னு இருக்கு, அதுக்கு மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல, விட்டுட்டேன். கடைசில சீக்கிரம் முடின்னு இருந்துச்சா, பாவம், என்ன அவஸ்தையோன்னு அத ரெண்டு தடவ சொன்னேன்."

நோட்டைக் காட்டினார். டைப் அடித்த மாதிரியே இருந்தது கையெழுத்து. மைனஸ் மூன்று, மெதுவாக. சீக்கிரம் முடி. அதன் கீழே இரண்டு கோடு.

கொயர் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி பாட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அவங்க காத்திருந்த முடிவு கிடைச்சிருச்சுக்கா. ஒரு நாள் முன்னாடியே கிடைச்சிருச்சு."

"ஸ்தோத்திரம். அப்ப அடிச்சிடலாமா?" என்று பேனாவைத் திறந்தார்.

"கடைசி வரிய அடிச்சிடுங்க" என்றேன். "மைனஸ் மூணு மட்டும் ஒரு ஆறு மாசத்துக்கு அப்படியே இருக்கட்டும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சீராக ஒரு கோடு போட்டு, நோட்டை மூடிக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். நான் பொத்தானை அழுத்தி எண்ணைச் சரிபார்த்தேன். பிறகு இன்னொரு முறை சரிபார்த்தேன். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.