இரண்டு டின் வெண்ணெயும் ஒரு கப்பலும்

ஏரலிலிருந்து தூத்துக்குடி போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக முடியும். 1972 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது, நானும் என் மதினியும் முப்பத்திரண்டு கிலோ வெண்ணெயைச் சுமந்துகொண்டே போய்த் திரும்பியிருக்கிறோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் அண்ணன் மனைவியான மதினிக்கு முப்பது.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பெய்து புல் தழைத்துவிட்டால் எங்கள் பக்கம் பால் பெருகும், வெண்ணெய் விலை இறங்கும். பங்குனி, சித்திரையில் எருமை வற்றினால் ஏறும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மதினி இரண்டு வருஷமாகத் தூத்துக்குடி போய்வருகிற ஒருத்தரையும் விடாமல் வெண்ணெய் மொத்த விலையை விசாரித்து, வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். ஏரலில் விலை இறங்குகிற அதே மார்கழியில் அங்கே ஒரு வாரம் மட்டும் ஏறுகிறது. ஏரல் வியாபாரி அந்த வாரமும் கிலோவுக்கு ஒன்பது ரூபாய்தான் தருவேன் என்றார். தெருவில் பதினோரு வீட்டு வெண்ணெயைச் சேர்த்துக்கொண்டு நாமே போவோம் என்று கிளம்பிவிட்டாள் மதினி. இனிமேல் என்னிடம் வரவேண்டாம் என்று வியாபாரி சொல்லி அனுப்பினார். அதனால் விற்காமல் திரும்ப வழியில்லை.

காலை 5.40 பஸ். முக்காணி, பழையகாயல் வழியாக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆளுக்கு ஒரு ரூபாய் பத்துப் பைசா, டின்களுக்கு அரை டிக்கெட். டின்னைச் சுற்றி ஈரச் சாக்கு. பழையகாயல் தாண்டியதும் உப்பளத்தில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். நான் அன்றைக்கு அதைப் பார்த்தேன். மதினி டின்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏழரை மணிக்கு மார்க்கெட்டில் மொத்தக் கடை அண்ணாச்சி ஒருவர் டின்னைத் திறந்து, வெண்ணெயை நகக்கண்ணில் எடுத்து மோந்து பார்த்தார். சரக்கு நல்லது என்று ஒப்புக்கொண்டார். விலை மட்டும் எட்டரை என்றார். மதினி பன்னிரண்டு என்று கேள்விப்பட்டதைச் சொன்னாள்.

"அது முந்தாநாள் விலைம்மா. சீமையிலேர்ந்து டின் வெண்ணெய் ஏத்திக்கிட்டு ஒரு கப்பல் வந்து நிக்கி. நாளைக்கு இந்த எட்டரைக்கும் ஆள் இருக்காது."

பக்கத்துக் கடைகளிலும் அதே கப்பல், அதே எட்டரை. மதினி வெளியே நின்ற ரிக்சாக்காரரிடம் அந்தக் கப்பலை எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பல் ஐந்து மைல் தள்ளிக் கடலில் நிற்கும், தோணிகள்தான் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும், முதல் தோணி வந்தால் தெரிந்துவிடும் என்றார். எழுபத்தைந்து பைசாவுக்குப் பேசி, டின்களோடு எங்களைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்.

திருச்செந்தூரில் கடல் பார்த்தவர்கள்தான் நாங்கள். கப்பல் பார்த்ததில்லை. தூரத்தில் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது. அங்கே செசிலி என்று ஓர் அக்காள், தோணியில் வேலை செய்யும் தன் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து காத்திருந்தார். கப்பலில் என்ன சரக்கு என்று அவருக்கும் தெரியவில்லை. பூவரச நிழலில் டின்களை வைக்கச் சொல்லி, தண்ணீர் வாங்கிவந்து சாக்கை நனைத்துக் கொடுத்தார். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. வெண்ணெய் இளகுகிறதா என்று நான் நாலு தடவை மூடியைத் திறந்தேன்.

பத்தேகாலுக்குத் தோணி வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஏதோ அடுக்கியிருந்தது. மதினி என் கையை இறுகப் பிடித்தாள். தோணி இன்னும் நெருங்கியதும் செசிலி அக்காளின் கணவர் நின்றபடியே கத்தினார்.

"பஞ்சு! கப்பல் முழுக்கப் பஞ்சுப் பொதிதான்!"

மில்லுக்கு வந்த வெளிநாட்டுப் பஞ்சு. மதினி மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். விஷயம் தெரிந்ததும் செசிலி அக்காளும் சேர்ந்துகொண்டார்.

"மார்க்கெட்டுக்கு ஏன் திரும்பப் போறீய? ஊரு பூரா கேக்குக்கு வெண்ணெய் தேடுது. எங்கூட வாங்க" என்று, தன் தெருக்காரர்கள் எல்லாரும் கேக்குக்குச் சொல்லிவைத்திருந்த பேக்கரிக்கு அழைத்துப்போனார்.

பேக்கரிக்காரருக்கு மாவு அப்பிய கை. வெண்ணெயை ருசி பார்த்தார், மறுபடியும் ஒரு விரல் எடுத்தார். கிலோ பன்னிரண்டரை, இரண்டு டின்னும் வேண்டும், பொங்கல் வரை வாராவாரம் கொண்டுவர முடியுமா என்றார். மதினி யோசிக்கிற மாதிரி அரை நிமிஷம் தெருவைப் பார்த்துவிட்டு, "முடியும்" என்றாள். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு முழு மத்தியானமும் எங்களுக்குத்தான். மீன் சாப்பாடு ஒன்றேகால் ரூபாய், மீன் துண்டு உள்ளங்கை அகலம். பேக்கரிக்காரர் கொடுத்த முந்திரி மக்ரூனைத் தின்றுகொண்டே பனிமய மாதா கோயில் வரைக்கும் நடந்தோம். நாலேகால் பஸ்ஸில் ஏறி ஐந்தரைக்கு ஏரல். பஸ் ஸ்டாண்டிலேயே ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். மதினி இறங்காமல் படியில் நின்றே விலையைச் சொன்னாள். கண்டக்டர் விசில் கொடுக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் உறைக்கும். பேக்கரிகளுக்குப் போக டிசம்பர் மூன்றாம் வாரம்தான் சரியான காலம். நெரிசலைப் பொருட்படுத்தாதீர்கள். எதையாவது விற்கவோ வாங்கவோ போனால், கடைக்காரர் சொல்லும் காரணத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். கால்வலியைத் தவிர நஷ்டமில்லை.

மதினிக்கு எண்பது தாண்டிவிட்டது. இதை எழுதப்போகிறேன் என்று போனில் சொன்னேன். "எழுது. ஆனா நான் பயந்தேன்னு எழுதாத" என்றாள். போனை வைக்குமுன், "பயந்தேன்தான்" என்றாள்.