ஒட்டகத்துக்கு ஒரே கோடு

போன வெள்ளிக்கிழமை ஒரு நாலாம் வகுப்புப் பெண்ணுக்கு என் கையால் முதல் பரிசு கொடுத்தேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? இதில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகம்கூட இல்லை என்று போன வருடம் இந்தப் பக்கத்தில் புலம்பியிருந்தேன். நீங்களும் பார்சல் பார்சலாக அனுப்பினீர்கள். ஒரு அலமாரி நிறைந்துவிட்டது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? எழுதாத நேரத்தில் பாக்டரியில் சூபர்வைசர் உத்தியோகம் பார்க்கிறவன் ஆயிற்றே. எங்கள் ஷெட்டில் ஒரு போர்டு உண்டு — எந்த லைன் எத்தனை பீஸ் போட்டது என்று ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதுவோம். வேலை தானாகச் சூடு பிடிக்கும். அதே வித்தையை ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். வகுப்பில் ஒரு கரும்பலகை. அதில் பிள்ளைகளின் பெயர். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு கோடு. வருடக் கடைசியில் அதிகக் கோடு வாங்கிய பிள்ளைக்குப் பரிசு.

"பிரமாதமான ஐடியா சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மற்ற பிள்ளைகளுக்கு ஆறு கோடு, எட்டு கோடு... அஞ்சலை என்ற பெண்ணுக்கு மட்டும் ஒரே ஒரு கோடு.

"என்னம்மா, படிக்கப் பிடிக்கலையா?"

"படிக்கிறேன் சார். ஒட்டகக் கத."

ரயிலேறி ஊட்டிக்குப் போகும் ஓர் ஒட்டகத்தின் கதை அது. ஒன்பது தடவை படித்திருக்கிறாளாம். நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"அதுக்குக் குளுருது சார். சால்வ வாங்கப் போவுது. கடக்காரரு, கூனுக்குத் தனியா ஒண்ணு வாங்குன்றாரு. அது கோச்சிக்கினு வந்துடுது. எனக்குப் பாவமா கீது சார். வூட்டுக்குப் போயிருக்கலாம் இல்ல? ஏன் போவல?"

புத்தகத்தில் அதற்குப் பதில் கிடையாது. அந்தப் பதிலைத் தேடித்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். வாசிப்பு என்றால் இதுதானே? இதற்காகத்தானே நீங்களும் நானும் மெனக்கெட்டோம்?

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நல்லா இருக்கும்மா. ஆனா எத்தனை தடவை படிச்சாலும் ஒரு கோடுதானே? மத்தவங்க எங்கேயோ போயிட்டாங்க பாரு. சீக்கிரம் இதை வச்சிட்டு அடுத்த புக்கை எடு."

சூபர்வைசர் புத்தி. லைன் நின்றால் பொறுக்காது.

போன வெள்ளிக்கிழமை பலகையில் அஞ்சலைதான் முதலிடம். நாற்பத்தொரு கோடு! எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் கூப்பிட்டு, கடைசியாகப் படித்த கதையைக் கேட்டேன். புத்தகத்தின் பெயரைச் சொன்னாள். பதினாறு பக்கம் என்றாள். அவ்வளவுதான்.

"கதை என்னம்மா?"

டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "கத கேப்பீங்கன்னு யாரும் சொல்லல சார்."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. "சரி, அந்த ஒட்டகம் ஏன் வீட்டுக்குப் போகலைன்னு கண்டுபிடிச்சியா?"

பலகையில் தன் பெயரைப் பார்த்தாள்.

"அதுக்கு அப்பவே கோடு போட்டாச்சு சார்."

பிறகுதான் அந்த டிபன் பாக்ஸைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மூடியைத் திறந்து பார்த்தபடி போய் உட்கார்ந்தாள். அவள் மேல் என்ன தப்பு? சொன்னபடி செய்த பிள்ளை.

கிளம்பும்போது ஹெட்மாஸ்டரைத் தனியாகப் பிடித்தேன். அந்தப் பலகையை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவே இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் அதே மாதிரி பலகை மாட்டிவிட்டார்களாம். எல்லாம் என் ஐடியா என்று பெருமையாகச் சொல்லியும் வைத்திருக்கிறார்.

"போட்டி இல்லாட்டி எந்தப் புள்ள சார் படிக்கும்?" என்றார்.

ஒருத்தி படித்தாள் சார். நான்தான் நிறுத்தினேன்.