எரிக்கக் கூடாத காடு

வெள்ளைக்காரர் ஆண்ட யுத்த காலத்தில் சாம்பல்தீவில் நாங்கள் பயிர் செய்த தோட்டம் பட்டாளத்துக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக, குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானுக்கும் அப்பால் அரசாங்கம் ஒரு துண்டுக் காடு தந்தது. கல்யாணமான புதிது. நானும் என் புருஷனும் தோணியில் போனோம். பனிப்புகாருக்குள் போர்க்கப்பல்கள் நின்றன. கடலில் நிற்கின்றனவா வானத்திலா என்று தெரியவில்லை.

காணிக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி ஐயா பிரம்பால் எல்லையைக் காட்டினார். “மாரிக்கு முதல் வெட்டி எரிச்சு விதைக்க வேணும். இல்லாட்டி காணியை அரசாங்கம் திருப்பி எடுத்துப்போடும்.”

பக்கத்துத் துண்டு மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு. அந்த வீட்டு அக்காவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். வெட்டிய மரங்கள் காய்ந்ததும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நெருப்பு வைத்தோம். புகை எழும்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு விமானம் தாழப் பறந்து எங்களைச் சுற்றியது. பின்னேரம் பட்டாளத்து ஜீப் வந்தது. புகை எதிரிக்குத் துறைமுகத்தைக் காட்டிக் கொடுக்குமாம். இனிக் காட்டுக்கு நெருப்பு வைக்கக் கூடாதாம்.

எரிந்தது கொஞ்சம். மாரியோ கிட்ட வந்துவிட்டது. மிச்சத்தைக் கையால் இழுத்து ஒதுக்கினோம். எனக்குக் காட்டுக் காய்ச்சல் வேறு. நடுக்கத்தில் பார்க்கும்போது கொப்புகள் தாமாகவே ஊர்ந்து போவதுபோல இருக்கும். ராத்தா பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும். அசைக்க ஏலாத மரங்களை அப்படியே விட்டு, இடையில் குரக்கன் தானியத்தைத் தூவினோம்.

முளை வந்த சமயம் ஐயா வந்தார். கிடந்த மரங்களைக் கண்டதும் முகம் மாறியது. “ஏன் எரிக்கேல்லை? காணி வேண்டாமோ?”

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தார்.

“ஐயா, எரிக்கச் சொன்னதும் கவர்மெண்டு, எரிக்க வேணாமெண்டதும் கவர்மெண்டு. நீங்க ரெண்டு பேரும் முதல்ல கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்க. அதுவரைக்கும் நாங்க விதைக்கிறம்.”

ஐயா தொப்பியைக் கழற்றி, மரங்களுக்கிடையில் பச்சைப் பாசிபோல் படர்ந்திருந்த முளைகளை வெகுநேரம் பார்த்தார்.

“சரி. அடுத்த மாரி வரைக்கும் பாப்பம்.”

பாதியைப் பன்றி தின்றது. மீதியை அறுத்து, ராத்தா வீட்டில் திரித்துப் பிட்டு அவித்தோம். வாயில் கொஞ்சம் மண் கடிபட்டது. ஒருவரும் துப்பவில்லை.