போஞ்சி இலையைச் சுட்டது தண்ணீர் அல்ல

ஜெர்மனியில், எசன் நகரில், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனாலும் நகர ஓரத்து நாற்றுத் தோட்டம் ஒன்றுக்குப் பூச்சட்டி கழுவவும் தண்ணீர் ஊற்றவும் அனுப்பினார்கள். அது வேலை அல்லவாம், பொதுத்தொண்டாம். இலங்கையில் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் இரண்டு வருடம் படித்து, எண்பத்துமூன்று கலவரத்தோடு படிப்பை விட்டவள் நான். அங்கே ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

ஒரு கோடையில் கிழமை முழுக்க, ஏழு நாளும், காற்று அசையாமல் வெயில் எரித்தது. போஞ்சி (பீன்ஸ்) பாத்தி ஒன்றில் இலைகளின் மேற்புறம் வெண்கல நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கருகியது. மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். பெரிய உடம்பு, சின்னப் பொறுமை.

"நீ மத்தியானத்தில தண்ணி ஊத்தியிருக்கிறாய். இலை வெந்துபோச்சு. எல்லாத்தையும் பிடுங்கு."

"ஏலாது" என்றேன், உடைந்த ஜெர்மனில். "பக்கத்துப் பாத்திக்கும் அதே தண்ணி, அதே கை, அதே நேரம். அது ஏன் வேகேல்லை?"

"அது வேற இனம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். தண்ணிக்கு இனம் தெரியாது."

அவர் முகம் சிவந்தது. வெள்ளிக்கிழமை வரை செடிகள் நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று போய்விட்டார்.

அகதி விடுதியில் என்னோடு அறையில் இருந்த தமிழ் அக்கா ஒருவரிடம் சொன்னேன். "உமக்கேன் இந்த வம்பு? பேசாமல் சட்டியைக் கழுவிப்போட்டு வாருமன்" என்றார். பிறகு, நான் கேட்ட நிறமில்லாத நகப்பூச்சை எடுத்துக் கையில் தந்தார்.

இலையின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டு உரித்தால், இலைவாய்கள், அதாவது இலை மூச்சுவிடும் நுண்ணிய துளைகள், அதில் அச்சாகப் பதியும். பீடத்தில் முதல் வருடம் பழகியது. நகரத்துக் காற்றைக் கணிக்க, காற்று கெட்டால் இலையில் புள்ளி விழுந்து காட்டும் புகையிலைச் செடிகளும் அந்தத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்க்க வாராவாரம் ஓர் ஆராய்ச்சிப் பெண் வருவார். அவரிடம் போய் நுணுக்குக்காட்டி (மைக்ரோஸ்கோப்) கேட்டேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். அடுத்த நாளே காரில் கொண்டுவந்து இறக்கினார்.

மூன்று நாள், காலையிலும் உச்சி வெயிலிலும், இரண்டு பாத்திகளிலும் உரித்தேன். காலையில் இரண்டிலும் வாய்கள் திறந்திருந்தன. உச்சியில், காற்று மோசமாகும் நேரம், கருகிய இனத்தின் வாய்கள் அப்படியே 'ஆ'வென்று கிடந்தன. கருகாத இனத்தில் பெரும்பாலானவை மூடியிருந்தன.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தார். ஆராய்ச்சிப் பெண் விளக்கினார்: வாகனப் புகை வெயிலில் ஓசோனாக மாறுகிறது. வாய் திறந்த இலைக்குள் அது புகுந்து சுடுகிறது. இது மட்டுமே காரணமும் அல்ல. சில இனங்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே உள்ளே வந்த நஞ்சைத் தங்கள் சாற்றால் முறித்துவிடும்.

"அப்ப தண்ணியில்லை" என்றார் அவர்.

"நான் இல்லை எண்டும் சொல்லுங்கோ."

இன்னொருதரம் குனிந்து நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தார். நான் நகரவில்லை.

"நீ இல்லை" என்றார்.

போகும்போது சமாதானமாகச் சிரித்தார். "உங்கட சனமும் இந்தத் தாங்கிற இனம்தான், என்ன?"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். "தாங்குதெண்டதுக்காகப் புகையை விடுறது நியாயமாகாது" என்றேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. என் ஜெர்மன் அவ்வளவுதான்.

அறுவடையில் தாங்கிய இனத்தின் காய்களும் சிறுத்துத்தான் இருந்தன. வாயை மூடினால் நஞ்சோடு சேர்ந்து இலைக்குச் சாப்பாடாகும் காற்றும் வெளியே நின்றுவிடும். அடுத்த வருடம் அந்த இனத்தை மட்டும் விதைப்போம் என்றார் மேற்பார்வையாளர். இரண்டையும் விதைக்க வேண்டும், கருகுகிற இனம் இல்லாவிட்டால் காற்று கெட்டது பயிர் வளர்க்கிற யாருக்கும் தெரியாமல் போகும் என்று நான் விடாமல் நின்றேன். வசந்தத்தில் இரண்டு விதைப் பெட்டிகளையும் என்னிடமே தந்தார்.