பலகையின் பின்பக்கம்

சொந்த நாட்டை விட்டு வந்து நான் குடியிருக்கும் மோர்னிங்சைட்டில், வயதானவர்களுக்கென்று நடக்கும் இங்கிலிஷ் வகுப்புக்கு நான் போகிறேன். எழுபது வயதில் என்ன படிப்பு என்று கேட்பவர்களும் உண்டு. போன கிழமை, படிப்பிக்கும் பெண் தன் பூட்டனார் அயர்லாந்தில் இருந்து கப்பலேறி வந்த கதையைச் சொன்னாள். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்ததாம். இங்கே தண்டவாளம் போடவும் கால்வாய் வெட்டவும் அவர்கள் குறைந்த கூலிக்கு நின்றார்களாம். முன்பே இருந்தவர்கள் கொதித்துப்போய், கடை வாசல்களில் அயர்லாந்துக்காரருக்கு வேலை இல்லை என்று எழுதி வைத்தார்களாம்.

பக்கத்துக் கதிரைக்காரி என் காதுக்குள், "எப்பிடித்தான் மனம் வந்து எழுதிச்சினமோ" என்றாள். அப்படி ஒன்று எழுதின கை என்னுடையது.

அது சொந்த ஊரில். எனக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலை வந்திருந்தது. அதற்குக் கல்லுடைக்க ஆள் பிடித்துக் கொடுப்பது எங்களோடு இருந்த மாமாவின் வேலை. தேயிலைத் தோட்டங்களை விட்டுப் பிழைக்க வந்த மலைநாட்டுச் சனம் அரைக் கூலிக்கும் நின்றது. "அவையை எடுத்தால் நாங்கள் வரமாட்டம்" என்று ஊர் ஆட்கள் மாமாவிடம் சொல்லிவிட்டார்கள்.

மாமா ஒரு பலகையும் சுண்ணாம்பும் கொண்டுவந்தார். "பிள்ளை, வடிவா எழுது. மலைநாட்டு ஆக்களுக்கு வேலை இல்லை."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். எங்கள் வாசல் படலையில் கட்டியதும், ரோட்டில் நின்று நானே பார்த்து ரசித்தேன்.

மறுநாள் காலை ஒரு மலைநாட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வேலை கேட்டு வந்தாள். புருஷன் காய்ச்சலில் கிடந்தான். அவளுக்கு வேலை கிடைத்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும்.

"யாரு பாப்பா எழுதினது? முத்து முத்தா இருக்கே."

"நான்தான்."

"என்னா எழுதியிருக்கு? படிச்சுக் காட்டேன்."

பள்ளிக்கூடத்தில் போல நிமிர்ந்து நின்று உரத்து வாசித்தேன். அவள் முழுவதையும் கேட்டாள். என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஊரை விட்டு அவள் போகவில்லை. கல்லுடைக்கிற இடத்துக்கு அருகே ஒரு கொட்டில் போட்டு ரொட்டி சுட்டாள். தொழிற்சாலையும் பெருத்தது. ஆள் போதாமல், மாமாவே மலைநாட்டு ஆட்களைத் தேடிப் போய் ஊர் ஆட்களுக்குக் கொடுக்கும் அதே கூலி கொடுத்துக் கூட்டி வந்தார். அப்போது அவள் மறுபடி எங்கள் படலைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்தப் பலகை சும்மாதானே கெடக்கு. எனக்குக் குடுங்க."

மாமா அவள் முகத்தைப் பாராமல் கழற்றிக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் 'ரொட்டியும் சம்பலும்' என்று நான் எழுதினேன். வரமாட்டோம் என்று நின்ற ஊர் ஆட்கள்தான் அங்கே முதலில் குந்தினார்கள்.

"உன்ர சம்பலுக்கு உறைப்புக் காணாது."

"நாளைக்கு அழ வச்சு அனுப்புறேன், வாங்க."

ஒருநாள் ரொட்டி வாங்கப் போனேன். அவள் அடுப்படியில் இருந்து, ரொட்டி சுற்றுகிற பத்திரிகைத் தாளைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்தும் தட்டவில்லை. என்னிலும் வேகம். வெளியே பார்த்துத் தொங்கிய பலகையின் மறுபக்கம் அவள் தலைக்கு நேரே இருந்தது. என் பழைய எழுத்து இன்னும் வெள்ளையாகவே தெரிந்தது.

வாசிக்கத் தெரிந்தவள் அன்றைக்கு ஏன் அதை என் வாயாலேயே வாசிக்க வைத்தாள் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. பிறகு படித்திருப்பாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு இரண்டு ரொட்டி கேட்டேன். மூன்று தந்தாள்.